ஈயம் கலவாத பெற்றோலும் பழைய மோட்டார் சைக்கிளும்

ஒரு பொருளுக்கு நாம் இடும் பெயர், அப்பொருளைப் பற்றிய எண்ணத்தையும் உடன் சுமந்து வருகின்றது. பெயர் பிழைபடின் எண்ணம் பிழைபடும். எண்ணம் பிழைபடின் செயலும் பிழைபடும். நம் இலக்கண நூலார் சொல்லின் பொருத்தத்தை இத்துணை வற்புறுத்திச் சென்றமை வெறும் பொழுதுபோக்குக்காக அன்று. இவ்வுண்மைக்குச் சான்று தேடி ஏட்டுச் சுவடிகளைப் புரட்ட வேண்டுவதில்லை. மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் உள்ள எரிபொருள் நிரப்பு நிலையங்களிலும், மோட்டார் சைக்கிள் திருத்தும் கராச்சுகளிலும் சிறிது நேரம் செவிகொடுத்து நின்றாற் போதும்.

‘ஈயம் நீக்கிய பெற்றோல்’ என்று அங்கே சிலர் வழங்கும் தொடரையே குறிக்கின்றேன். 2002 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலின் விற்பனை முடிவுக்கு வந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேற் கழிந்தும், பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போரிடையே ஒரு முறைப்பாடு ஓய்ந்தபாடில்லை. “பெற்றோலில் இருந்த சத்தை எடுத்துவிட்டார்கள், அதனாலேயே பழைய வண்டிகள் தேய்கின்றன” என்பது அம்முறைப்பாடு. நீக்கியது என்றால் முன்பு இயல்பாக இருந்தது என்று பொருள்படும். இயல்பாக இருந்ததை எடுத்தால் குறை என்று மனம் தானே முடிவு கட்டும். உண்மையோ வேறு. நிலத்தடியிலிருந்து பெற்று வடித்தெடுக்கும் பெற்றோலிற் சொல்லத்தக்க ஈயம் எதுவும் இருப்பதில்லை. அது மனிதர் வேண்டுமென்றே கொண்டுபோய்க் கலந்தது. தீமை கண்டபின் கலவாது விட்டது. ஆதலின் ‘நீக்கிய’ என்பது வழு; ‘கலவாத’ என்பதே வழாநிலை. இவ்வொரு சொல்லைத் திருத்திக்கொண்டால் முறைப்பாட்டிற் பாதி தானே விழுந்துவிடும். மறுபாதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

“தமிழ் கற்பிப்பவனுக்குப் பெற்றோல் ஆராய்ச்சி எதற்கு?” என்று அன்பர் சிலர் வினவக்கூடும். விடை நம் மண்ணிலேயே உள்ளது. காரைதீவிற் பிறந்து, கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலானந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். அவரே இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவர். யாழ் நூல் இயற்றுங்கால் கணிதத்தையும் பௌதிகத்தையும் துணைக்கொண்ட அப்பெரியார், தமிழறிவுக்கும் விஞ்ஞான அறிவுக்கும் இடையே வேலி இல்லை என்பதை வாழ்ந்து காட்டினார். அவர் நடந்த கரையில் வாழும் நாம் அவ்வேலியைப் புதிதாகக் கட்டுதல் தகாது.

மேலும் இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்குப் பேச்சும் அன்று. 2020 மார்ச்சு மாதத்தில் நம் நாட்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இவ்வைந்தாண்டுகளிற் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறியது. இருந்த வண்டியைச் சாகவிடாமற் காப்பதே உழவருக்கும் மீனவருக்கும் ஆசிரியருக்கும் வழியாயிற்று. படுவான்கரையின் உட்கிராமத்தவர்க்கு வண்டி நின்றுவிட்டால் வயலுக்கும் வைத்தியசாலைக்கும் போகும் வழியே நின்றுவிட்டது போலாகும். அத்தகையோர், ‘ஈயத்துக்கு மாற்று’ என்று சிறு போத்தலில் அடைத்து விற்கும் திரவத்துக்கும், தேவையின்றி உயர்ந்த ஒக்டேன் பெற்றோலுக்கும் பணத்தை இறைப்பதைக் கண்டும் வாளா இருத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகாகாது.

ஈயம் என்னும் சொல்

நம்மவர் ஈயத்தைச் சத்தென்று கருதுதற்கு மற்றொரு சொல் மயக்கமும் காரணம் என்பது என் துணிபு. தமிழில் ஈயம் என்னும் பெயர் இரு வேறு உலோகங்களுக்குப் பொதுவாய் நிற்கின்றது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். ‘ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை’ என்னும் பழமொழி வழங்கும் வீடுகளிலே, பித்தளைப் பாத்திரத்துக்குள் ஈயம் பூசிப் புளிக்கறி சமைத்தார்கள். களிம்பேறாமற் காத்த அந்த ஈயம் வெள்ளீயம். உணவோடு உறவாடியும் தீங்கு செய்யாதது அது. ஆகவே ஈயம் என்றதும் காவல் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் எழுவது இயல்பே. பெற்றோலிற் கலந்ததோ காரீயம். வீச்சுவலையின் விளிம்பிலே குண்டாகக் கோத்து வாவிக்குள் எறிகின்றோமே, அந்தக் கரிய ஈயம். அது நஞ்சு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தமையால், ஒன்றன் புகழ் மற்றொன்றுக்குச் சென்று சேர்ந்தது.

மேனாட்டிலும் பெயரால் மறைத்த கதை உண்டு. ஆனால் அங்கே அது மயக்கத்தால் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவன ஆராய்ச்சிக்கூடத்திலே தோமஸ் மிட்ஜ்லி என்பார், 1921 டிசம்பரில், ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் எஞ்சினின் உள்ளிடிப்பு அடங்குவதைக் கண்டார். 1923 பெப்ரவரியில் ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரில் அக்கலவை விற்பனைக்கு வந்தது. வணிகர் அதற்கு இட்ட பெயர் ‘எதைல்’ என்பது. ஈயம் என்னும் சொல் அப்பெயரிலே தலைகாட்டவில்லை. ஈயத்தின் நச்சுத்தன்மை பண்டைக்காலந்தொட்டே அறியப்பட்டது. அச்சொல்லைக் கேட்டால் வாங்குவோர் அஞ்சுவர் அன்றோ! 1924 ஆம் ஆண்டில் நியூ ஜேர்சியின் பேவே என்னுமிடத்துத் தொழிற்கூடத்தில் இச்சேர்மத்தைச் செய்த தொழிலாளர் சித்தங் கலங்கி வீழ்ந்தனர், ஐவர் மாண்டனர். அதற்குப் பின்னரும் அரை நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் அது புகையாய்ப் பறந்தது.

ஈயம் செய்த இரு பணிகள்

எதிர்வழக்கு உரைப்போர்க்கும் உரிய மதிப்பளித்தல் முறை. எஞ்சினுக்குள்ளே ஈயம் இரு பணிகளைச் செய்தது உண்மை.

எஞ்சின் உருளையிலே காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்து அழுத்தப்படும். பின்னர் பிளக்கின் பொறியால் எரியும். அழுத்தம் மிகுந்தால், சுவாலை பரவி வந்து சேருமுன்னரே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்து, சம்மட்டி பட்டாற்போன்ற ஒலியை எழுப்பும். மெக்கானிக்குகள் ‘நொக்’ என்பது இதனையே. இதனைத் தாங்கும் ஆற்றலுக்கு அளவுகோல் ஒக்டேன் எண். அவ்வெண்ணை மலிவாக உயர்த்தியது ஈயத்தின் முதற்பணி. இன்று அப்பணியைச் சுத்திகரிப்பு முறைகளே செய்துவிடுகின்றன. நம் நாட்டில் 92, 95 என்னும் ஒக்டேன் தரங்களிற் கிடைக்கும் பெற்றோல் ஈயமின்றியே அந்நிலையை எய்தியது. பழைய வண்டிகளோ தாழ்ந்த அழுத்தத்துக்கென அமைந்தவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானியாவில், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக விற்கப்பட்ட பெற்றோலின் ஒக்டேன் 80 ஐயும் எட்டவில்லை. அப்போரிலே பெருந்தொகையாக ஓடிய பி.எஸ்.ஏ. எம் 20 என்னும் வண்டியின் அழுத்த விகிதம் ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று. அத்தகைய வண்டிக்கு 92 மிகையே. அதற்கு 95 வார்ப்பவர், பாலுண்ணும் குழந்தைக்குக் கலியாண விருந்து படைப்பவரை ஒப்பர்.

இரண்டாம் பணி வால்வைப் பற்றியது. எரிந்த வாயு வெளியேறும் வாயிலைத் திறந்து மூடும் வால்வு, கொதிக்கும் வெம்மையோடு தன் இருக்கையில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை மோதுகின்றது. ஈயச் சேர்மங்கள் அவ்விருக்கையில் மெல்லிய படலமாய்ப் படிந்து, இரும்போடு இரும்பு ஒட்டிப் பிய்ந்து போவதைத் தடுத்தன. படலம் இல்லாவிடின், வார்ப்பிரும்பு இருக்கை சிறிது சிறிதாகப் பெயர்ந்து வால்வு உள்ளே அமிழும். மேனாட்டுப் பழைய வண்டிப் பிரியர் எழுதி எழுதி அஞ்சுவது இதனையே. அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. எந்த வண்டிக்கு, எந்த ஓட்டத்துக்கு அது உரியது என்று வகுத்து நோக்காமல், நம் வாவிக்கரை வண்டிகள் அனைத்தின் மீதும் அதனை ஏற்றியதே பிழை.

எந்த வண்டிக்கு உரியது?

நம் பகுதியிற் பழைய வண்டிகள் எனப்படுவன யாவை? பெரும்பாலானவை ஹொண்டா சி 50, சி 70, சி 90, சாலி, எம்.டி. 90, சி.டி. 125, சி.டி. 200 என்பன. இவற்றின் எஞ்சின் தலை அலுமினியக் கலப்பாலானது. மென்மையான அவ்வுலோகத்தில் வால்வு நேரே மோதுதல் இயலாது. ஆகவே வலிய உலோகத்தாலான இருக்கை வளையத்தைத் தனியே செய்து பதித்திருக்கின்றனர். அஃதன்றியும் யப்பானிலே 1975 முதற் சாதாரணப் பெற்றோல் ஈயம் கலவாததாயிற்று. அந்நாட்டிற் பல ஆண்டுகள் ஓடிப் பின் இங்கே இறக்குமதியான ஹொண்டா, பிறந்த வீட்டிற் காணாத ஈயத்தைப் புகுந்த வீட்டுக்கு வந்தபின்னரே சுவைத்தது! இங்கே அது நின்றபோது, தன் பழைய வழக்கத்துக்கு மீண்டது என்பதன்றி, இழந்தது ஒன்றுமில்லை. யான் பாடசாலைக்குச் சென்றுவரும் எம்.டி. 90 வண்டியும் இக்குலத்தைச் சேர்ந்ததே.

அடுத்து யமஹா மேட், பழைய வெஸ்பா, பஜாஜ் ஸ்கூட்டர் முதலிய இரு வீச்சு எஞ்சின் வண்டிகள். இவற்றுக்கு வெளியேற்று வால்வே இல்லை. இல்லாத வால்வுக்கு மருந்து வாங்கி ஊற்றுவோரும் நம்மிடையே உளர் என்பது நகைப்புக்கும் இரக்கத்துக்கும் உரியது.

எஞ்சியவை பி.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரையம்ப் முதலிய பிரித்தானிய வண்டிகள். இவற்றுள்ளும் அலுமினியத் தலை கொண்டவற்றிற் பதித்த இருக்கை உண்டு. வார்ப்பிரும்பிலேயே இருக்கை கடைந்த மிகப் பழைய சிலவற்றுக்கே மேற்சொன்ன இடர் நேரக்கூடும். அதுவும் நெடுநேரம் விரைந்து ஓடும்போதும், பாரம் இழுத்து மலையேறும்போதும் நேர்வது. நம் நாடோ ஏறவும் இறங்கவும் மேடற்ற வாவிக்கரைச் சமவெளி. களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டுநகருக்கு மெல்ல வந்துசேரும் வண்டியின் வால்வு அவ்வளவு வெம்மை அடைவதில்லை.

ஐயம் தீராதவர்க்கு ஒரு சோதனை உண்டு. வால்வு உள்ளே அமிழ்ந்தால் அதன் தண்டு மேலெழும். எழுந்தால் வால்வு இடைவெளி குறுகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டால் அளந்து ஏட்டிற் குறித்து வருக. அளவு மாறாதிருப்பின் அச்சம் வேண்டா. விரைந்து குறுகிக்கொண்டே வந்தால், எஞ்சின் பிரிக்கும் அடுத்த வேளையில் வலிய இருக்கை வளையம் பதித்துக்கொண்டால் அவ்வண்டிக்கு அப்பேச்சு அன்றோடு தீர்ந்தது. போத்தல் போத்தலாக வாங்குவதினும் அது சிக்கனம்.

ஈயம் செய்த தீங்கையும் சொல்லாமல் விடுதல் நீதியன்று. எஞ்சினில் ஈயம் தங்காமல் வெளியேறுதற்கெனப் புரோமீன், குளோரீன் சேர்மங்களையும் உடன் கலந்தனர். அவற்றின் எச்சம் எண்ணெயைக் கெடுத்தது, சைலன்சரை அரித்தது. அறுபதைக் கடந்த கொக்கட்டிச்சோலை மெக்கானிக் ஒருவர் சொன்னது நினைவிலுள்ளது: “ஐயா, அந்தக் காலத்துப் பெற்றோலில பிளக் சாம்பல் பூத்துப் போயிரும். அடிக்கடி கழற்றிச் சுரண்டவேணும். இப்ப அந்தச் சுரண்டல் இல்லை.” ஆராய்ச்சிக்கூடத்து முடிவும் இதுவே.

நோய் வேறு, பழி வேறு

அங்ஙனமாயின் வண்டிகள் தேய்ந்தது ஏன்? ஆண்டைக் கவனித்தால் விடை புலப்படும். ஈயம் நின்ற அதே 2002 இன் பெப்ரவரியிலேதான் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதற்கு முந்திய பத்தாண்டுகளிலே பொருளாதாரத் தடையாற் பெற்றோல் காணாத யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். நம் படுவான்கரைக்கும் எரிபொருள் எளிதிற் சென்றதில்லை. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகத் தாழ்ந்தது. அது எரியாமல் வழிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். கரி படியச் செய்யும். உதிரிப் பாகமும் கிடையாத காலம் அது. அந்நாளிற் பட்ட காயங்கள், பாதை திறந்து வண்டி மீண்டும் விரைந்து ஓடத் தொடங்கியபோது வெளிப்பட்டன. அவ்வேளையிற் புதிதாய் வந்தது ஈயம் கலவாத பெற்றோல். பழியும் அதன் தலையில் விழுந்தது என்றே கருதுகின்றேன்.

2022 ஆம் ஆண்டிலும் ஏறத்தாழ இக்கதையே நிகழ்ந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கீடு வந்தது. கிடைத்ததைக் கான்களிலும் போத்தல்களிலும் பலர் சேமித்தனர். மாதக்கணக்கிற் கிடந்த பெற்றோல் பிசின் போலாகிக் காபரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். இவற்றோடு வாவிக் காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து, பாதி நிரம்பிய தாங்கியின் உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். மாரிமழை வெள்ளத்தில் நின்ற வண்டியின் தாங்கியில் நீர் புகுந்திருக்கவும் கூடும். பழைய வண்டி காக்க விரும்புவோர் தாங்கியைக் கழுவுக; வடிகட்டியை மாற்றுக; வெடித்த இரப்பர்க் குழாயைப் புதுப்பிக்க; எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுக. நோய் இருக்குமிடத்தில் மருந்து இட்டாலன்றி நோய் தீராது.

பிள்ளைகளின் பங்கு

இதுவரை சொன்னவை இயந்திரத்தின் நலம் பற்றியன. ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அதனினும் முதன்மையானது ஒன்று உண்டு. காரீயம் உடலிற் புகுந்தால் மூளையைத் தாக்கும். வளரும் பிள்ளையின் மூளையை மிகுதியாகத் தாக்கும். ஹேர்பேட் நீடில்மன் என்னும் அமெரிக்க மருத்துவர், பொஸ்ரன் நகரை அடுத்த இரு ஊர்களிலே சிறுவரின் விழுந்த பாற்பற்களைச் சேர்த்து, அவற்றிற் படிந்திருந்த ஈயத்தை அளந்து, 1979 இல் முடிவுகளை வெளியிட்டார். ஈயம் மிகுந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையில் தாழ்ந்தனர். அம்மட்டோ! இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி அவர்தம் ஆசிரியர்கள் எழுதிய மதிப்பீட்டையும் அவர் ஒப்புநோக்கினார். பற்களின் ஈயம் ஏற ஏற, ‘கவனம் சிதறுகின்றது’, ‘சொன்னதைச் செய்யத் தெரியவில்லை’ என்ற குறிப்புகளும் ஏறின. இத்தகைய குறிப்புகளை நாமும் மாணவர் அறிக்கைகளில் எழுதுகின்றோம். எழுதிவிட்டுப் பிள்ளையின் சோம்பலையும் பெற்றோரின் கவலையீனத்தையும் குறை கூறுகின்றோம். பெருந்தெருவோரப் பாடசாலையில், வாயிலிற் புகை கக்கி நின்ற வண்டிகளுக்கும் அதிற் பங்கு இருந்திருக்கலாம் என்று எண்ணியவர் எத்தனை பேர்? உலக சுகாதார நிறுவனம், ஈயத்தில் தீங்கற்ற அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்று தெளிவாக உரைக்கின்றது. இவ்வாறிருக்க, வால்வின் இருக்கைக்காகப் பிள்ளையின் மூளையை விலையாகக் கேட்பது எவ்வகை நீதி?

இந்தியா முழுவதிலும் 2000 ஆம் ஆண்டிலேயே ஈயம் கலந்த பெற்றோல் நின்றது. உலகில் இறுதியாக அல்ஜீரியாவிலும் 2021 யூலையில் நின்றது. சிறு விமானங்களின் எரிபொருள் போன்ற சிலவற்றில் மட்டுமே அது இன்னும் எஞ்சியுள்ளது.

ஆயினும் பெற்றோலை விட்டுப் போன ஈயம் நம் வாவிக்கரையை விட்டு முற்றாகப் போகவில்லை. அதே மோட்டார் சைக்கிளின் பற்றறிக்குள்ளே அது இருக்கின்றது. வலைக் குண்டுகளிலும் இருக்கின்றது. பழுதான பற்றறியை உடைத்து, முற்றத்து அடுப்பில் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பார் உளராயின், அவர் தெருவிலிருந்து துரத்திய நஞ்சைத் தம் வீட்டுப் பிள்ளைகளின் மூச்சுக்குள் அழைக்கின்றனர். பழைய பற்றறியை முழுதாகவே விற்றுவிடுதல் நன்று. இதனை வகுப்பறையில் ஒரு நாள் சொல்லுவது, ஒரு செய்யுளுக்குப் பொழிப்புரை சொல்லுவதிற் குறைந்த தொண்டன்று.

பழையதைப் போற்றுதல் பண்டிதர்க்கு இயல்பு, யானும் அவ்வியல்புடையேன். முன்னோர் வண்டியைத் துடைத்து எண்ணெயிட்டு ஓடவைக்கும் இளைஞரைக் காணும்போது, செல்லரித்த ஏட்டைப் பெயர்த்தெழுதும் மாணவனைக் கண்டாற்போல் மகிழ்கின்றேன். ஆனால் ஏட்டைக் காப்பவன் அதனை அரித்த செல்லையும் சேர்த்துக் காப்பதில்லை. காலத்தோடு வரும் மாற்றம் எல்லாம் வழுவாகா என்று நன்னூலாரும் இசைந்தனர். எது பொருள், எது அதன்மேற் படிந்த அழுக்கு என்று தெரிந்து பிரிப்பதே மரபு காத்தல். பழைய வண்டி ஓடட்டும், நெடுங்காலம் ஓடட்டும். அதன் தாங்கியில் வார்ப்பது ஈயம் கலவாத பெற்றோல் என்பதை நம் பிள்ளைகள் பிழையின்றிச் சொல்லப் பழகட்டும்.